அடிவாரத்துச் சித்திரங்கள்

காஞ்சிபுரத்தில் வாசகர் வட்டம் ஒன்றின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இமயமலையைப் பற்றிக் காஞ்சிபுரத்தில் வந்து பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். கயிலாயத்தின் பெயரைக் கொண்ட ஒரு கோயிலை 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மணற்கல்லில் எழுப்பி, பனிமலைக்கு நாயகனானவனை வேகவதி பாயும் இந்தச் சமவெளியில் குடியேற்றி வைத்த பல்லவ மன்னன் ராஜசிம்மனின் ஊரில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குத் தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிகரங்களைப் பற்றிப் பேசுவோர் அநேகர். அந்தக் காரியத்தை அவர்களிடமே விட்டுவிடலாம். அந்தச் சிகரங்களின் காலடியில், கடல்மட்டத்துக்கு மேல் 3,000 அடிக்கும் 7,000 அடிக்கும் இடையில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கேழ்வரகு விதைத்தும், எருமை கறந்தும், விறகு சுமந்தும் ஜீவனம் நடத்துகிற குடியானவர்களின் ஊர்களைக் கால்நடையாகச் சென்று பார்த்து, பார்த்ததைப் பென்சிலால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்துகொள்வது எப்படிப்பட்ட அனுபவம், அந்த வேலையை நமக்கு முன் யார் செய்தார்கள், எவ்வளவு செய்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் இன்றைய என் விஷயம்.

அந்த மலையையும் நம் தமிழ்நாட்டையும் ஒரே பென்சிலால் வரைந்தவர்கள் இருவர் உண்டு. தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும், அவருடைய அண்ணன் மகனாகிய வில்லியம் டேனியலும் 1786-இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். இரண்டு ஆண்டுக் காலம் அந்த நகரத்தின் காட்சிகளைப் படமாக்கிவிட்டு, 1788-இல் கங்கை வழியாகப் படகேறி, ஆக்ரா, டில்லி என்று வடமேற்கே போய், 1789-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹரித்துவாரத்தை அடைந்தார்கள். அங்கிருந்து கோட்துவார் கணவாயின் வழியாக மலைக்குள் புகுந்து, அலகநந்தைக் கரையில் கர்வால் ராஜ்ஜியத்தின் தலைநகராக இருந்த ஸ்ரீநகர் வரையில் சென்றார்கள். காஷ்மீரத்து ஸ்ரீநகர் வேறு, இது வேறு. சிற்றப்பனுக்கு அப்போது நாற்பது வயது. பிள்ளைக்கு இருபதை ஒட்டிய பிராயம். கயிற்றுப் பாலத்தில் மூட்டை முடிச்சுகளோடு மனிதர்கள் ஆற்றைக் கடக்கும் காட்சியை அவர்கள் அங்கே வரைந்தார்கள்.

பின்னர் 1792-இல் சென்னைக்கு வந்து, மூன்றாம் மைசூர் யுத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்த பிரதேசங்களின் ஊடே பல்லக்கும் கூடாரமும் பணியாட்களுமாகத் தெற்கே பயணப்பட்டு, மதுரை, இராமேசுவரம், பாபநாசம் என்று சுற்றி, 1793-இன் தொடக்கத்தில் மாமல்லபுரத்துக் கற்கோயில்களையும் வரைந்து முடித்தார்கள். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1795 முதல் 1808 வரையில் 144 படங்களாக அவர்கள் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' என்ற பெருநூலின் தொகுதிகளில், 1807-இல் நிறைவுற்ற ஒன்றைப் புரட்டினால் எனக்கு எப்போதும் ஒரு விசித்திரமான ஆனந்தம் உண்டாவது வழக்கம். ஏனென்றால் அந்த ஒரே அட்டைக்குள்தான் கர்வாலின் கயிற்றுப் பாலமும், பொதிகை அடிவாரத்துப் பாபநாசம் அருவியும் பக்கத்து வீட்டார்போல் சேர்ந்து இருக்கின்றன.

இந்தப் படங்களின் உபயோகத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஸ்ரீநகர் 1803-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் பெரிதும் இடிந்தது. எஞ்சிய பழைய நகரத்தை, நிலச்சரிவால் அடைபட்டுத் தேங்கியிருந்த கோனா ஏரி 1894-இல் உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. இன்று அங்கே இருப்பது புதிதாக நிர்மாணிக்கப்பட்ட ஊர். பூகம்பத்துக்கு முந்திய ஸ்ரீநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்ணால் காண வேண்டுமென்றால் இந்த இருவரின் படங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு உபகாரம் செய்தவர்களைக் குறை சொல்வது நன்றியின்மை போலத் தோன்றலாம். இருந்தாலும் சொல்கிறேன். அவர்களுடைய மலைப்படங்களில் மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, மேகத்தின் நிழல் எந்தச் சரிவில் விழுந்தது என்பதுகூட இருக்கிறது; மனிதர்கள் மாத்திரம் கட்டைவிரல் நகத்தளவு. பாறை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவனுக்குத் தெரிவிக்க அங்கே ஒருவன் நிற்கிறான். அவன் என்ன பயிரிடுகிறான், அவன் மனைவி எந்தப் பக்கத்துத் தோளில் அரிவாளைச் செருகியிருக்கிறாள் என்பதெல்லாம் ஓவியருக்கு அவசியப்படவில்லை. அக்காலத்து ஆங்கில ரசனைக்குக் கரடுமுரடான பாறையும், சிதைந்த மண்டபமும், தூரத்தில் ஒரு மனித உருவமும் இருந்தால் காட்சி பூர்த்தியாகிவிடும். அதோடு, பல்லக்கில் வருகிறவனுக்கும் கூடாரத்தில் தங்குகிறவனுக்கும் ஊராருடன் எவ்வளவு சகவாசம் ஏற்பட முடியும்?

வெள்ளைக்காரரை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. டேனியல்கள் ஸ்ரீநகருக்கு வந்த அதே சமயத்தில் அந்த ஊரில் மோலாராம் என்ற பெரும் சித்திரக்காரர், கவியும் ஆனவர், வாழ்ந்துகொண்டிருந்தார். ஔரங்கசீப்புக்குப் பயந்து 1658-இல் கர்வாலில் அடைக்கலம் புகுந்த, முகலாய இளவரசன் தாராவின் மகனாகிய சுலைமான் ஷிக்கோவின் பரிவாரத்தோடு டில்லியிலிருந்து வந்த ஓவியக் குடும்பத்தின் வழித்தோன்றல் அவர். கோடு ஒவ்வொன்றும் மயிரிழைபோல் ஓடும் கை. அவர் வரைந்தவையோ பெரும்பாலும் நாயிகைகளும், கண்ணனின் லீலைகளும், அரண்மனை மாடங்களும்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சரிவில் கதிர் அறுக்கிறவர்கள் தெரிந்திருப்பார்கள். தெரிந்தும், அவர்கள் சித்திரத்துக்கு உரியவர்கள் என்று அந்தக் காலத்து அரசவைக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் இமய அடிவாரத்து வாழ்க்கையை வரைந்தவர் யார் என்று கேட்டால், என் பதில் உங்களுக்குச் சற்று வேடிக்கையாகப் படலாம். உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் அந்தச் சித்திரம் இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஏறக்குறைய 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட பாறையில், காஞ்சியை ஆண்ட பல்லவரின் சிற்பிகள் 7-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய காட்சியைத்தான் சொல்கிறேன். அது அர்ஜுனன் தவமா, பகீரதன் தவமா என்று பண்டிதர்கள் வெகுகாலமாக வாதிட்டு வருகிறார்கள், அவர்கள் வாதிடட்டும். இரண்டில் எதுவானாலும் இடம் இமயமலை, இரு பாறைகளுக்கும் நடுவேயுள்ள பிளவில் இறங்குவது கங்கை. அந்தப் பிளவின் இடப்புறம், கீழே, சிறு கோயில் ஒன்றுக்கு அருகில் ஆற்றங்கரையைப் பாருங்கள். யானைகளையும் தேவகணங்களையும் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பும் யாத்திரிகர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். குளித்துக் கரையேறிய ஒருவன் ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிறான். துணியின் முறுக்கலிலும், மடங்கிய முழங்கைகளிலும் அவன் போடுகிற பலம் அப்படியே தெரிகிறது. இன்னொருவன் நீர்க்குடத்தைத் தோளில் ஏந்தி நடக்கிறான். வேறொருவன் இரு கைகளையும் உயர்த்தி விரல்களின் இடுக்கு வழியாகச் சூரியனைத் தரிசிக்கிறான். சற்றுத் தள்ளி ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது.

அதே மலையில், சில அடி நடந்தால், கோவர்த்தனத்தைத் தூக்கிய கண்ணனின் மண்டபத்தில் ஓர் இடையன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவன் போகிறான். தலைமேல் பாண்டங்களை அடுக்கிக்கொண்டு ஒருத்தி வருகிறாள்.

இந்தச் சிற்பி இமயத்துக்குப் போனவனா, போகாதவனா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பாலாற்றங்கரையில் துணி பிழிந்தவனை அவன் நின்று பார்த்திருக்கிறான் என்பது நிச்சயம். அந்த ஒரே தகுதியால், டேனியல்களும் மோலாராமும் நேரிலேயே இருந்தும் வரையாததை அவன் வரைந்துவிட்டான்.

நானும் குமாவோன், கர்வால் பகுதிகளின் ஊர்களில் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக நடந்திருக்கிறேன். அந்தச் சிற்பியிடம் கற்றுக்கொண்டதை அங்கே பிரயோகித்துப் பார்த்தேன் என்று சொல்லலாம். ஊருக்குள் நுழைந்தவுடன் வரைய உட்காரக் கூடாது. முதலில் சும்மா உட்கார வேண்டும். உழைக்கிறவர்களின் அங்க அசைவில் ஒரு விசேஷம் இருக்கிறது: அது திரும்பத் திரும்ப வரும். முற்றத்துக் கற்பரப்பிலேயே குழியாகச் செதுக்கிய ஓக்லி என்ற உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி நெல் குத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக்கை உச்சியில் இருக்கும்போது முதுகு எப்படி நிமிர்கிறது என்பதை ஒரு தடவையில் பிடிக்க முடியாது. ஆனால் அடுத்த நொடியே அதே நிமிர்வு மறுபடியும் வரும், அதற்கடுத்த நொடியும் வரும். கோர்வைச் சேலை நெய்கையில், இந்தப் பக்கத்து நெசவாளர் எறியும் கரைக்கு அந்தப் பக்கத்துத் துணையாள் பதில் கொடுப்பதுபோல, ஒருத்தியின் உலக்கை இறங்கினால்தான் மற்றவளுடையது ஏறும். அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் பென்சில் தானே ஓடும். நின்று 'போஸ்' கொடுக்கச் சொன்னால் எல்லாம் போய்விடும்; உலக்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பொம்மைகள்தான் நிற்கும்.

கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் படம் எடுக்கிறவன் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறான்; வரைகிறவன் ஒரு மணி நேரம் அங்கேயே கிடக்கிறான். அந்த ஒரு மணி நேரத்தில் டீ வருகிறது, குழந்தைகள் தோளின் மேல் ஏறுகின்றன, எந்த வீட்டுப் பையன் டில்லியில் ஹோட்டல் வேலைக்குப் போயிருக்கிறான் என்ற சமாசாரம் வருகிறது, இந்த மரத்தடியை ஏன் உழுவதில்லை என்ற தெய்வ விவகாரமும் வருகிறது. நோட்டில் விழுகிற கோடுகளைக் காட்டிலும் காதில் விழுகிற இந்தச் சமாசாரங்கள்தான் அதிகம் என்றாலும் தப்பில்லை.

அடிவாரத்து ஊர்களில் வரையத் தகுந்தவை எவையெவை என்று பட்டியல் போட்டுக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் பெண்கள் சரிவுகளில் புல் அறுத்து, கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து, குளிர்காலத்துக்காக மரத்தின் அடிமரத்தைச் சுற்றியே போராக அடுக்கிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரங்கள் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும். கீழ்த்தளத்தில் மாடும் மேல்தளத்தில் மனிதரும் வசிக்கும் கல் வீடுகளின் பலகைக்கல் கூரைமேல் பூசணியும் மக்காச்சோளக் கதிரும் காயும். இவற்றைவிட என்னை அதிக நேரம் உட்கார வைத்தவை குமாவோன் வீட்டு வாசற்படிகளே. செம்மண் பூசிய தரையில், அரிசியை ஊறவைத்து அரைத்த கரைசலை விரல்களால் தொட்டு அந்தப் பெண்கள் வரையும் ஐபன் கோலத்தைப் பார்க்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணும் நம் வீட்டு மாக்கோலத்தின் உடன்பிறப்பு என்று உடனே கண்டுபிடித்துவிடுவாள். தீபாவளியன்று லட்சுமியின் பாதங்களை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? கையை மூடி, முஷ்டியின் பக்கவாட்டை மாவில் தோய்த்துத் தரையில் பதித்து, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைக்கிறார்கள். கோகுலாஷ்டமியன்று வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் கண்ணனின் காலடிகளைப் போட்ட தாய்மார்கள் இந்தச் சபையில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்கள் முஷ்டியும் அவர்கள் முஷ்டியும் ஒன்றுதான்.

இன்னும் வடக்கே, பஞ்சசூலி சிகரங்களுக்கு எதிரே முன்சியாரி என்ற ஊர் இருக்கிறது. அதற்கும் மேலே ஜோஹார் பள்ளத்தாக்கில் உள்ள மீலம் கிராமத்தில் பிறந்த நயின் சிங் ராவத் என்பவரைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் பரங்கிமலைக்கு அருகே 1802-இல் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டில் தொடங்கிய பெரிய நில அளவை இமயத்தை எட்டியபோது, அந்நியருக்கு வாசல் அடைத்திருந்த திபெத்துக்குள் புகுந்து அளக்க ஆள் வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த நயின் சிங் யாத்திரிகர் வேஷத்தில் புறப்பட்டு, 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த ஜபமாலையில் நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளி, குறிப்புகளை மந்திரச் சக்கரத்துக்குள் ஒளித்து, 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். மலையில் நடப்பவன் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல ஆசான் அவர்தான்.

அந்தப் பள்ளத்தாக்கின் போட்டியா மக்கள் திபெத்தோடு நடத்தி வந்த உப்பு, கம்பளி வியாபாரம் 1962-ஆம் ஆண்டு யுத்தத்தோடு நின்றது. வியாபாரம் நின்றாலும் பெண்களின் தறி நிற்கவில்லை. அவர்கள் நெய்யும் 'தன்' என்ற கம்பளத்துக்கும், குமாவோனின் ஐபனுக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் காஞ்சிப் பட்டுக்கு அது முன்பே கிடைத்துவிட்டது. அங்கே ஒரு கம்பளத் தறியின் முன் வரைய உட்கார்ந்தபோது, நெய்துகொண்டிருந்த அம்மாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாவில் எத்தனை இழை போட்டிருக்கிறாய் என்றுதான் கேட்டாள். காஞ்சிபுரத்தில் கேட்கக்கூடிய கேள்விதான்!

ஒரு விஷயத்தில் என் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். ஊரை வரைகிறவர்களுக்கு ஊரைத் திருத்தும் ஆசை ஒன்று உண்டு. மின்கம்பத்தை விட்டுவிடுவார்கள், தகரக் கூரையைப் பலகைக்கல்லாக மாற்றிவிடுவார்கள், பிளாஸ்டிக் குடம் செப்புக் குடமாகிவிடும். அல்மோடாவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், வீட்டுக்காரப் பெரியவர் ஒருவர் நான் வரைந்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, கூரைமேலிருந்த டிஷ் ஆன்டெனாவைச் சுட்டிக்காட்டி, "அதையும் போடுங்கள் ஐயா, எருமைக் கன்றை விற்று வாங்கினது" என்றார். வரைந்து கொடுத்தேன். அந்தக் கிண்ணம் இல்லாமல் அந்த வீட்டின் கதையே இல்லை. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அல்மோடா, பௌரி கர்வால் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் முந்திய பத்தாண்டைவிட ஜனங்கள் குறைந்துபோயிருந்தார்கள். பூட்டிய கதவும், முற்றத்து உரல் குழியில் முளைத்த புல்லுமாக நிற்கும் வீடுகளும் அந்த மலைகளில் ஏராளம். அழகாயில்லை என்பதற்காக அவற்றை விட்டுவிட்டு, வசந்தத்தில் சிவக்கப் பூக்கும் புராம்ஷ் மரத்தை மட்டும் வரைந்துகொண்டு வருகிறவன் டேனியல்களின் பல்லக்கிலேயேதான் இன்னும் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறான்.

இதே குற்றத்தை நாம் காஞ்சிபுரத்துக்கும் செய்கிறோம். 'சில்பி' என்ற பெயரில் புகழ்பெற்ற ஸ்ரீனிவாசன், 'ஆனந்த விகட'னில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடரில் நம் கோயில்களைக் கல்லின் நுணுக்கம் சிறிதும் தப்பாமல் வரைந்து கொடுத்தார். அவர் செய்தது ஒரு மகத்தான கைங்கரியம். அவரைப் பின்பற்றுகிறவர்கள் எத்தனையோ பேர் வருஷந்தோறும் ஏகாம்பரநாதர் கோபுரத்தை வரைகிறார்கள். பிள்ளையார்பாளையத்தை வரைகிறவர்கள் எத்தனை பேர்? விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தோய்த்து முடிக்கும் அந்தச் சுறுசுறுப்பையும், தறிக்குழிக்குள் கால் தொங்க உட்கார்ந்தவரின் வளைந்த முதுகையும், திண்ணையை அடைத்துப் போட்ட இரும்புக் கிராதியையும், அதற்குள் நிற்கும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்து வரைந்த நோட்டு ஒன்றை எனக்கு யாராவது காட்டினால் சந்தோஷப்படுவேன். கை இல்லாமல் போய்விடவில்லை. கட்டம் போட்ட தாளில் மயிலையும் யாளியையும் கட்டங்கட்டமாக நிரப்பி ஜக்கார்டு அட்டைக்கு வடிவம் எழுதும் சித்திரக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறீர்கள். கண்ணும் கையும் பழகியவர்கள். தாளை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு உபயோகமான சில வார்த்தைகளோடு முடித்துக்கொள்கிறேன். கோட்துவார் வரையில் ரயில் போகிறது. அங்கிருந்து வேண்டிய தூரம் பஸ்ஸில் போய், பிறகு நடக்கலாம். மார்ச்சு மாதமும் அக்டோபரும் நல்லவை. மழைக்காலத்தில் பாதை சரியும், காகிதமும் ஈரம் வாங்கிப் பென்சில் ஏறாது. கனத்த காகிதம், மென்மையான பென்சில், ஒரு பேனாக்கத்தி, இவ்வளவுதான் சாமான். போவதற்கு முன் ஒரு மாதம் விடியற்காலைகளில் பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்து பாவு நீட்டுகிறவர்களை வரைந்து பழகிக்கொண்டால், அங்கே உலக்கையைக் கண்டு கை பயப்படாது. என் நோட்டுப் புத்தகங்களை மேஜைமேல் வைத்திருக்கிறேன். சபை கலைந்ததும் புரட்டிப் பார்க்கலாம். பென்சில் கோடு தொட்டால் கலையும் ஆகையால், டீ குடித்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வரும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.